பட்டா வேறு, பட்டயம் வேறு

தேனி மாவட்டத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்னர் எங்கள் கிளைக்கு வந்தார். போடிமெட்டுக்கு அப்பால், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், சின்னக்கானல் பகுதியில் 20 சென்ட் நிலமும் அதன்மேல் எட்டு அறைகள் கொண்ட கட்டடமும் விலைக்கு வருவதாகக் கூறினார். அதை வாங்கிச் சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதியாக நடத்த விரும்பினார். ஓய்வுக்காலப் பணப்பயன் போக, பற்றாத தொகைக்குக் கடன் கேட்டார். கோப்பைப் பிரித்துப் பார்த்தோம். விற்பவர் பெயரில் கிரய ஆதாரம், அதற்கு முந்தைய ஆதாரங்கள், முப்பது ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று, நடப்பாண்டு வரை நிலவரி கட்டிய ரசீது, கிராம அலுவலகம் வழங்கிய கைவசச் சான்று, ஊராட்சிக்குக் கட்டிய கட்டட வரி ரசீது என எல்லாம் வரிசையாக இருந்தன. நிலத்தின் உரிமை தெளிவானது, அடமானத்துக்கு ஏற்றது என்ற வழக்கறிஞரின் கருத்துரையும் இருந்தது.

ஒன்று மட்டும் இல்லை. அந்நிலத்துக்கு முதன்முதலில் அரசு வழங்கிய பட்டயத்தின் நகலைக் காணோம். அதைக் கேட்டபோது அவர் வரி ரசீதைச் சுட்டிக்காட்டி, "பட்டாதான் இதிலேயே இருக்கிறதே, சார்" என்றார்.

எல்லைப்புறக் கிளைகளில் பணியாற்றும் எங்களுக்கு இந்தப் பதில் புதிதன்று. போடி, கம்பம், உடுமலை, பொள்ளாச்சி, கோவை ஆகிய ஊர்களிலிருந்து மலையேறியும் வாளையாறு கடந்தும் நிலம் வாங்கச் செல்வோர் பலரும் இதே பதிலைச் சொல்கின்றனர். தமிழ்நாட்டில் பட்டா என்பது இன்னாருடைய பெயரில் இந்த நிலம் வருவாய்ப் பதிவேட்டில் இருக்கிறது என்பதற்கான சான்று. நிலம் கைமாறும்போதெல்லாம் பட்டாவும் பெயர் மாறும். கேரளத்தில் இதற்கு ஈடானது, போக்குவரவு எனப்படும் பெயர் மாற்றம் முடிந்தபின் கிடைக்கும் தண்டப்பேர் எண்ணும் வரி ரசீதும்தான். அங்கே பட்டயம் என்று சொல்லப்படுவது, அரசு தன் நிலத்தை ஒருவருக்கு முதன்முறையாகப் பதித்துக் கொடுத்தபோது எழுதிய ஆணை. எந்தப் பயனுக்காகக் கொடுத்தோம், என்னென்ன நிபந்தனைகளுடன் கொடுத்தோம் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். நிலம் நான்கு கை மாறினாலும் அந்தப் பட்டயம் புதிதாக எழுதப்படுவதில்லை. அது முதல் உரிமையாளரின் பெட்டியிலோ வட்டாட்சியர் அலுவலகத்தின் பழைய கோப்பிலோ கிடக்கும். அதிலுள்ள நிபந்தனைகள் மட்டும் நிலத்தோடு கூடவே வரும்.

இடுக்கியின் குடியேற்ற நிலங்களில் பெரும்பகுதி 1960ஆம் ஆண்டின் கேரள அரசு நிலப்பதிவுச் சட்டத்தின்படியும், அதன்கீழ் இயற்றப்பட்ட 1964ஆம் ஆண்டு விதிகளின்படியும் வழங்கப்பட்டது. அவ்விதிகள் கூறும் பயன்கள் மூன்றே: சொந்தமாகப் பயிரிடுதல், குடியிருக்க வீடு கட்டுதல், பக்கத்திலுள்ள தம் நிலத்தை நன்கு அனுபவிக்கத் துணையாகக் கொள்ளுதல். 1977 சனவரி 1ஆம் நாளுக்கு முன்னர் வன நிலத்தில் குடியேறியவர்களுக்காக 1993இல் தனி விதிகள் வந்தன. விடுதி, வணிக வளாகம் போன்றவை 1964ஆம் ஆண்டு விதிகளை எழுதியவர்களின் எண்ணத்தில் இருந்திருக்க இடமில்லை. அன்று மூணாற்றுக்குச் சென்றவர்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குச் சென்றார்கள், விடுமுறையைக் கழிக்க அன்று. ஆயினும் எழுதப்பட்ட பயன் எழுதப்பட்டதுதான். ஆசிரியர் வாங்க விரும்பிய நிலத்தின் பட்டயம் பின்னர்க் கிடைத்தபோது, அதுவும் பயிருக்கும் குடியிருப்புக்கும் வழங்கப்பட்டதாகவே இருந்தது.

'அதனால் என்ன, அக்கம்பக்கத்தில் நூறு விடுதிகள் நடக்கவில்லையா' என்ற கேள்வி உடனே எழும். நடக்கின்றன. அவற்றின்மேல் தொங்கிக்கொண்டிருக்கும் ஆணைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூணாறு வட்டாரத்தில் வருவாய்த் துறையின் தடையின்மைச் சான்று இன்றிக் கட்டடம் எழுப்பக் கூடாது என்று 2010இல் கேரள உயர் நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. பள்ளிவாசல், சின்னக்கானல், பைசன்வாலி, சாந்தன்பாறை உள்ளிட்ட எட்டு வருவாய்க் கிராமங்களில் அக்கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. 2019 ஆகஸ்டு 22ஆம் நாள் மாநில அரசு பிறப்பித்த ஆணை, பட்டய நிலத்தில் பயன் மீறி எழுந்த கட்டடங்களுள் 15 சென்ட்டுக்கும் 1,500 சதுர அடிக்கும் உட்பட்ட சிறியவற்றுக்கு மட்டுமே முறைப்படுத்தும் வழியைக் காட்டியது. ஆசிரியரின் 20 சென்ட் அந்த அளவையே தாண்டியது. அவ்வாணைக்கு எழுந்த எதிர்ப்பின் விளைவாக, 2023 செப்டம்பரில் சட்டமன்றம் நிலப்பதிவுச் சட்டத்தைத் திருத்தியது. மீறல்களை முறைப்படுத்தவும், நிலத்தை வேறு பயனுக்கு அனுமதிக்கவும் அரசுக்கு அதிகாரம் தரும் அத்திருத்தத்துக்கு ஆளுநரின் ஒப்புதல் 2024 ஏப்ரலில்தான் கிடைத்தது. அதிகாரம் அரசுக்கு வந்திருக்கிறது என்பதற்கும், நீங்கள் வாங்கும் குறிப்பிட்ட கட்டடம் முறைப்படுத்தப்பட்டுவிட்டது என்பதற்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. விற்பவர்கள் முதலாவதைக் கூறி இரண்டாவதற்குரிய விலையைக் கேட்கின்றனர்.

பட்டயம் கையில் இருந்தாலும் அதை வழங்கியவருக்கு அதிகாரம் இருந்ததா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. தேவிகுளம் வட்டத்தில் 1999இல் வழங்கப்பட்டு, வழங்கிய அலுவலரின் பெயராலேயே 'ரவீந்திரன் பட்டயம்' என்று ஊரெல்லாம் அறியப்பட்ட 530 பட்டயங்கள் இதற்குச் சான்று. உரிய அதிகாரமும் நடைமுறையும் இன்றி வழங்கப்பட்டவை என்ற காரணத்தால் அவற்றை நீக்கும்படி 2022 சனவரியில் அரசு ஆணையிட்டது. தகுதியுள்ளவர்கள் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று கூறப்பட்டது உண்மையே. எனினும் இருபதாண்டுக்கு மேல் வரி கட்டி, வீடு கட்டி, பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்த ஏழைக் குடும்பங்களும் அப்பட்டியலில் இருந்தன என்பதை நினைக்கும்போது, ஓர் அலுவலரின் கையொப்பத்தை நம்பி வாழ்ந்தவர்கள் செய்த பிழை என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. பெரிய விடுதியாளர் வழக்கறிஞரை அமர்த்தி உயர் நீதிமன்றம் செல்வார். 5 சென்ட் வீட்டுக்காரர் கிராம அலுவலகத்தின் வாசலில் நிற்பார்.

ஏலமலைக் காடுகளின் கதை இன்னும் பழையது. திருவிதாங்கூர் அரசு 1897இல் வெளியிட்ட அறிவிக்கையில் ஒதுக்கப்பட்ட வனத்தின் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பதே வழக்கு. ஒரே ஓர் இலக்கத்தைப் பற்றிய இத்தகராறு நூறாண்டு கடந்து உச்ச நீதிமன்றத்தில் நிற்கிறது. 2024 அக்டோபரில் அப்பகுதியில் புதிய பட்டயம் எதுவும் வழங்கக் கூடாது என்று நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. போடியிலும் கம்பத்திலும் வசித்துக்கொண்டு அம்மலையில் ஏலம் பயிரிடும் எங்கள் வாடிக்கையாளர்கள் பலருக்கு இச்செய்தி நாளிதழின் உள்பக்கத்தில் வந்து போயிருக்கும். 'விரைவில் பட்டயம் கிடைத்துவிடும்' என்ற வாய்மொழி உறுதியின் பேரில் அங்கு நிலத்துக்கு முன்பணம் கொடுப்போர் அதைத் தேடிப் படிப்பது நலம்.

இது மலைக்கு மட்டும் உரிய சிக்கல் என்று எண்ண வேண்டா. நாடறிந்த பாடம் கடலோரத்தில்தான் நடந்தது. எர்ணாகுளம் மாவட்டத்து மரடில், காயற்கரையில் எழுந்த நான்கு அடுக்குமாடி வளாகங்களுக்கு 2006இல் அப்போதைய ஊராட்சி கட்டட அனுமதி வழங்கியது. அன்று நடைமுறையில் இருந்தது, 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1991இல் வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. அதன்படி அப்பகுதி கட்டடங்களுக்குக் கடுமையான கட்டுப்பாடுள்ள மூன்றாம் வகை மண்டலத்தில் இருந்தது. மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் இசைவு பெறப்படவில்லை. 2007இல் ஊராட்சி விழித்துக்கொண்டு காரணம் கேட்டு அறிவிப்பு அனுப்பியது. கட்டுநர்கள் உயர் நீதிமன்றத்தில் தடை பெற்றுக் கட்டுமானத்தை முடித்தார்கள். வீடுகள் விற்பனையாயின, பத்திரங்கள் பதிவாயின, வரி வசூலானது, மின் இணைப்பும் வந்தது. 2019 மே 8ஆம் நாள், ஒரு மாதத்துக்குள் அவற்றை இடித்துத் தள்ளும்படி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2020 சனவரி 11, 12 ஆகிய இரு நாட்களில் நான்கு வளாகங்களும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதைத் தொலைக்காட்சியில் நாம் எல்லோரும் கண்டோம்.

தொலைக்காட்சியில் காட்டப்படாதது ஒன்று உண்டு. கடன் வாங்கி வீடு பெற்றவருக்கு, வீடு இடிந்ததால் கடன் இடிவதில்லை. அடமானச் சொத்து அழிந்தாலும் கடன் பத்திரத்தில் கையொப்பமிட்டவரின் பொறுப்பு அப்படியே நிற்கும். ஒவ்வொரு உரிமையாளருக்கும் இடைக்கால இழப்பீடாக 25 இலட்சம் ரூபாயை மாநில அரசு முதலில் கொடுத்துப் பின்னர்க் கட்டுநர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று 2019 செப்டம்பரில் நீதிமன்றம் கூறியதால் அவ்வீட்டாருக்கு ஓரளவு ஆறுதல் கிடைத்தது. எல்லா வழக்கிலும் அவ்வாறு ஆணை வரும் என்று யாரும் உறுதி கூற இயலாது.

மரடு வீடுகளை வாங்கியவர்களின் ஆதாரங்களில் உரிமைக் குறை இருந்ததா என்றால், பெரும்பாலும் இல்லை. விற்றவர் நிலத்தின் உண்மையான உரிமையாளர், வில்லங்கம் இல்லை, பத்திரம் முறையானது. அந்த இடத்தில் அத்தகைய கட்டடம் எழலாமா என்ற கேள்விக்கு மட்டும் விடை 'கூடாது' என்பதாக இருந்தது. அக்கேள்வியை யாரும் கேட்கவில்லை. 'இது யாருடையது' என்பது ஒரு கேள்வி, 'இதில் என்ன செய்யலாம்' என்பது மற்றொரு கேள்வி. எங்கள் வங்கித் தொழிலில் முதல் கேள்விக்கு முப்பதாண்டு பின்னோக்கிச் சென்று விடை தேடுகிறோம். இரண்டாவதை ஊராட்சியின் அனுமதித் தாளோடு முடித்துக்கொள்கிறோம். 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டமும்கூட, நில உரிமையில் குறை இருந்தால் கட்டுநர் ஈடு செய்ய வேண்டும் என்றும், அதற்குக் காலவரம்பு இல்லை என்றும் தெளிவாகக் கூறுகிறது. பயன் மீறலுக்கு அதே தெளிவுடன் ஒரு பிரிவு அதில் இல்லை.

பாலக்காட்டுப் பக்கம் வந்தால், கேள்வி அதே, சட்டம் வேறு. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளில் தமிழ் பேசுவோர் மிகுதி. கோவையிலிருந்து மனை வாங்கிச் செல்வோரும் மிகுதி. அங்குள்ள நிலங்கள் பலவற்றுக்கு, குத்தகைதாரராக இருந்தவர் நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்கீழ் நில நடுவர் மன்றத்தில் பெற்ற கிரயச் சான்றே மூலம். அதையும் மக்கள் பட்டயம் என்றே வழங்குகின்றனர். ஒரே சொல்லுக்கு அங்கேயே இரண்டு பொருள். ஆயினும் பாலக்காட்டில் முதலில் பார்க்க வேண்டியது தரவு வங்கி. 2008ஆம் ஆண்டின் கேரள நெல்வயல் மற்றும் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒவ்வொரு ஊராட்சியிலும் நெல்வயல்களும் ஈரநிலங்களும் புல எண் வாரியாகத் தரவு வங்கியில் பதியப்பட்டுள்ளன. கண்ணுக்குத் தென்னந்தோப்பாகத் தெரியும் இடம் பதிவேட்டில் 'நிலம்' என்றிருக்கும். மலையாள வருவாய் வழக்கில் 'நிலம்' என்றால் வயல், 'புரயிடம்' என்றால் மனையும் தோட்டமும். தமிழர்களாகிய நமக்கு எல்லாமே நிலம்தான். 'பத்திரத்தில் நிலம் என்றுதானே இருக்கிறது' என்று மகிழ்ந்து முன்பணம் கொடுத்துவிட்டு வந்தவரை நாங்கள் கண்டிருக்கிறோம்.

தரவு வங்கியில் தவறாகச் சேர்ந்த நிலத்தை நீக்கக் கோரிக் கோட்டாட்சியரிடம் 5ஆம் படிவத்தில் விண்ணப்பிக்கலாம். தரவு வங்கியில் இல்லாமல் அடிப்படை வரிப் பதிவேட்டில் மட்டும் வயலாக இருப்பதை வகைமாற்றம் செய்ய, 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்துள்ளது. அதற்கு அரசின் நியாய விலையைக் கணக்கிட்டுக் கட்டணம் கட்ட நேரிடலாம். இவையெல்லாம் விற்பவர் முடித்துக் கொடுக்க வேண்டிய வேலைகள் என்பது எங்கள் கருத்து. வாங்கியபின் பார்த்துக்கொள்ளலாம் என்பது, கடன் தவணை ஓடத் தொடங்கியபின் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடப்பது என்று பொருள்.

அட்டப்பாடியைத் தனியே குறிப்பிட வேண்டும். ஆனைகட்டி வழியாக அங்கு சென்று ஆற்றங்கரையில் இடம் பார்ப்போர் பெருகியுள்ளனர். பழங்குடியினரின் நிலம் பிறருக்குக் கைமாறுவதைக் கட்டுப்படுத்தும் 1999ஆம் ஆண்டுச் சட்டமும், சூழல் நலிவுள்ள நிலங்களை அரசுடைமையாக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் அங்கே பொருந்தும். பத்திரம் பதிவாகிவிட்டது என்பதே அங்கு ஆறுதலுக்குப் போதாது. இவ்வகை நிலம் குறித்துத் தெளிவு வரும்வரை கடன் தர நாங்கள் தயங்குவதை வாடிக்கையாளர்கள் குறையாகக் கொள்ளக் கூடாது.

இனி எங்கள் பக்கத்துக் குறையைச் சொல்லியாக வேண்டும். வங்கி கேட்டுப் பெறும் சட்டக் கருத்துரை, 'லீகல்' என்று பேச்சில் நாம் குறிப்பது, வங்கியின் பணத்தைக் காப்பதற்காக எழுதப்படுவது. கட்டணத்தை வாடிக்கையாளர் செலுத்துகிறார். அதனால் அது தமக்காக எழுதப்பட்டது என்று கருதுகிறார். வங்கி கடன் கொடுத்துவிட்டது, ஆகவே சொத்தில் எந்தச் சிக்கலும் இருக்காது என்ற நம்பிக்கை நாட்டில் வேரூன்றியிருக்கிறது. அந்த நம்பிக்கையை வளர்த்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு. உண்மையில் பயன் குறித்த கேள்வி வங்கிக்கும் அயலானதன்று. 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டம் விவசாய நிலத்தின் மீதான பிணையத்துக்குப் பொருந்தாது என்று அதன் 31ஆம் பிரிவு கூறுகிறது. ஏட்டில் ஏலத்தோட்டமாகவும் தரையில் விடுதியாகவும் உள்ள சொத்தை ஏற்றுக்கொண்டால், கடன் வாராக்கடனாகும் நாளில் அது எது என்ற வாதம் எழும்.

ஆகவே, எல்லைப்புற மாவட்டங்களிலும் கடலோரத்திலும் உள்ள சொத்துகளுக்கு, வழக்கறிஞரின் கருத்துரைப் படிவத்திலேயே நிலப்பயன் பற்றி ஒரு தனிப் பகுதி கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பது எங்கள் கருத்து. மூலப் பட்டயம் எந்தச் சட்டத்தின்கீழ் எந்தப் பயனுக்கு வழங்கப்பட்டது, அதை வழங்கியவருக்கு அதிகாரம் இருந்ததா, புல எண் தரவு வங்கியில் உள்ளதா, காப்புக்காட்டையோ கடலோர மண்டலத்தையோ ஒட்டியதா, கட்டட அனுமதி எந்தப் பயனுக்குப் பெறப்பட்டது ஆகியவற்றுக்கு அதில் விடை எழுதப்பட்டிருக்க வேண்டும். தேவிகுளத்து நிலத்துக்குத் தேவிகுளத்தில் தொழில் செய்யும், பழைய மலையாளக் கோப்புகளைப் படிக்கவல்ல வழக்கறிஞரே எழுத வேண்டும். தேனியில் உட்கார்ந்துகொண்டு வில்லங்கச் சான்றை மட்டும் பார்த்து எழுதும் கருத்துரைக்குச் செலவு குறைவுதான். அச்சிக்கனம் எங்கே கொண்டு விடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வாறு கேட்டால் மலைவாழ் மக்கள் எவருக்கும் கடனே கிடைக்காது என்று எங்களுள்ளேயே சிலர் கூறுவதுண்டு. அதில் நியாயம் இருக்கிறது. பட்டய நிலத்தில் விடுதிகள் மட்டுமா எழுந்தன? தேநீர்க் கடை, மருந்துக் கடை, பள்ளி, தேவாலயம் என ஊர்களே அதன்மேல் வளர்ந்திருக்கின்றன. வீட்டின் முன்னறையில் மளிகைக் கடை வைத்திருப்பவரையும், எட்டு அறை விடுதி நடத்துபவரையும், நூறு அறை விடுதிக்காரரையும் ஒரே தட்டில் வைப்பது முறையாகாது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த வேறுபாட்டை எவ்வளவு நேர்மையாக நடைமுறைப்படுத்துகிறது என்பதைப் பொறுத்தே அதை மதிப்பிட வேண்டும். முன்பே அங்கு வாழ்பவரின் இக்கட்டு வேறு. புதிதாகப் பணம் போடச் செல்பவர் வேறு. பின்னவர் அறியாமல் செல்ல எந்தக் காரணமும் இல்லை.

கட்டுப்பாடுகள் அனைத்தும் அலுவலகத் தொல்லைகள் என்று பேசுவதும் சரியன்று. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் பெருமழையில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் புதைந்தன. இறந்தோரும் காணாமற்போனோருமாக 70 பேர். அவர்களுள் பலரின் பூர்விகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. அவர்கள் விதியை மீறிக் கட்டியவர்கள் அல்லர், கொடுத்த இடத்தில் குடியிருந்தவர்கள். அந்த மண் எவ்வளவு தாங்கும் என்பதை அந்த இரவு காட்டியது. 2024 சூலை 30இல் வயநாட்டில் மலை சரிந்த மறுநாள், மேற்குத் தொடர்ச்சி மலையில் சூழல் உணர்வுமிக்க பகுதிகளை வரையறுக்கும் வரைவு அறிவிக்கையை நடுவண் அரசு ஆறாவது முறையாக வெளியிட்டது. கேரளத்தில் 131 கிராமங்கள் அதில் இடம்பெற்றன. 2014 முதல் வரைவாகவே இருப்பதால் அதைப் பொருட்படுத்த வேண்டா என்று தரகர்கள் கூறுவர். பதினைந்து ஆண்டுத் தவணைக்குக் கடன் வாங்குபவர், பதினைந்து ஆண்டும் அது வரைவாகவே இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறார்.

ஆசிரியரின் கோப்பு இன்னும் எங்களிடம் இருக்கிறது. பட்டயத்தின் சான்றிட்ட நகலைப் பெற அவர் மூன்று முறை மலையேறினார். பயன் மீறலை முறைப்படுத்தி ஆணை பெற்றுத் தந்தபின் கிரயம் என்று ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதும்படி, தேவிகுளத்து வழக்கறிஞர் ஒருவரின் யோசனையின் பேரில் விற்பவரிடம் கேட்டிருக்கிறார். விற்பவர் முதலில் சினந்தார், பின்னர் ஆறு மாதம் அவகாசம் கேட்டார். முன்பணமாகக் கொடுக்க எடுத்துவைத்திருந்த தொகையை ஆசிரியர் எங்கள் கிளையிலேயே ஆறு மாத வைப்பில் போட்டிருக்கிறார்.